பத்தி ஸ்டாண்டு வாங்கிய பாராட்டு

முன்னொரு சமயம் ஒரு மலையூரில், சமையலறை ஜன்னலை ஒட்டிய சாமி மாடத்தில் ஒரு பித்தளைப் பத்தி ஸ்டாண்டு குடியிருந்தது. சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி உருவம். உள்ளே வெறும் கூடு. முதுகில் ஊதுபத்தி செருகுவதற்குச் சில ஓட்டைகள். அதன் சொத்து அவ்வளவுதான்.

அதற்கு ஒரு மனக்குறை இருந்தது. மாடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு மரியாதை கிடைத்தது. காமாட்சி விளக்கை ஏற்றினால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மணி வாயைத் திறந்தால் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஸ்டாண்டை யாரும் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. தினமும் ஒரு பத்தி வரும், நிற்கும், எரியும், போய்விடும். வந்த பத்தியிடம் பேச்சுக் கொடுத்துப் பழகுவதற்குள் அது பாதியாகிவிடும். மிச்சமாவது சாம்பல் மட்டும்தான். அதுவும் ஸ்டாண்டின் தலையில்தான் விழும்.

“சுமக்கிறது நான், பேர் மட்டும் யாருக்கோ” என்று அது அடிக்கடி முணுமுணுக்கும்.

“உனக்கு என்ன பேர் வேண்டும்?” என்று விளக்கு கேட்கும்.

“ஒரே ஒரு தடவை, ‘ஆகா, எத்தனை நல்ல வாசனை’ என்று யாராவது என்னைப் பார்த்துச் சொன்னால் போதும்.”

இதைக் கேட்டால் மணிக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த வீட்டுப் பத்தியில் வாசனை என்று ஒன்று இருந்தால்தானே யாராவது சொல்வதற்கு. பத்திகளே அதை ஒளிக்கவில்லை. “எங்கள் கம்பெனியில் சென்ட்டைப் பாக்கெட்டின் மேல்தான் தடவுவார்கள். உள்ளே இருப்பது மரத்தூள்” என்று ஒரு பத்தி புகைந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனது.

மாசி மாதக் கடைசியில் ஒருநாள், வீட்டுக்காரி தெய்வானை ஒரு முறத்தைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாள். முறம் நிறைய, நார்த்தோல் போர்த்திய சின்னச் சின்ன உருண்டைகள். அவள் புருஷன் நாச்சிமுத்து ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தான். அவன் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவன்.

“ஏன் புள்ள, வெங்காயம் இத்தனை சப்பையா இருக்குது? சாம்பாருக்குக்கூட ஆகாதாட்ட இருக்குது.”

“வெங்காயமில்லீங்க. கிளாடியோலஸ் கெழங்கு. பூ வரும்.”

“அந்தப் பூவா? பங்களாவுல செவப்பும் மஞ்சளுமா கட்டுக் கட்டா வெச்சிருப்பாங்களே. பாக்கத்தான் பகட்டு. துளி வாசம் கெடையாது.”

“இது வேறீங்க. வெள்ளப் பூ. கோடையில பூக்குமாம், வாசம் தூக்குமாம். நர்சரிக்கார அண்ணன் சத்தியம் பண்ணாத கொறையாச் சொன்னாரு.”

தெய்வானை சமவெளியில் பிறந்தவள். பிறந்த வீட்டில் பந்தல் நிறைய மல்லிகை இருந்தது. கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகு மல்லிகை வைத்து வைத்துப் பார்த்தாள். இந்தக் குளிரில் அது பிடிக்கமாட்டேன் என்றுவிட்டது. வாசமில்லாத டேலியாப் பூவையும் ஹைட்ராஞ்சியாப் பூவையும்தான் மாடத்து முருகன் படத்துக்கு வைத்துக்கொண்டிருந்தாள். வைக்கும்போதெல்லாம், வீட்டுக்கு வந்தவருக்கு உப்பில்லாத சோறு போட்ட மாதிரி அவள் மனசு குறுகிப்போகும். அதனால் அந்த முறத்தை அவள் ரொம்ப நம்பினாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு துண்டுப் பாத்தி இருந்தது. நாச்சிமுத்து அதைப் பீன்ஸுக்கென்று கொத்தி எருப்போட்டு வைத்திருந்தான்.

“செரி, இந்த ஒரு கோடைக்கு விட்டுத்தர்றேன்” என்றான். “வாசம் வந்துதுன்னா பாத்தி உன்றது. வரலீன்னா அத்தனையும் தோண்டி வீசிப்போட்டு பீன்ஸ் ஊணிருவேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

“செரீங்க” என்றாள் தெய்வானை.

அவள் நட்டதை ஸ்டாண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல வெயில் விழும் பாத்தி அது. தண்ணீர் தேங்காமலிருக்க மண்ணை மேடாகக் கூட்டினாள். குழிக்கு அடியில் ஒரு பிடி ஆற்று மணலைத் தூவினாள். முளை மூக்கு மேலே பார்க்கும்படி ஒவ்வொரு கிழங்காக உட்கார வைத்தாள். “வெங்காயமாட்டத் தலை வெளிய தெரிய ஊணு புள்ள” என்று வாசலிலிருந்து யோசனை வந்தது. அவள் கேட்கவில்லை. நான்கு விரல் ஆழத்தில் வைத்து, குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி மண்ணை இழுத்து மூடினாள்.

“பாவம், உயிரோடு புதைத்துவிட்டார்கள்” என்றது மணி.

மண்ணுக்குள்ளிருந்து சத்தம் மெதுவாக வந்தது. “இல்லையண்ணா. இங்கே கதகதப்பாக இருக்கிறது. நர்சரிக் கோணியில் வெடவெடத்துப் போயிருந்தோம். இந்த அம்மாளுக்குக் கோடி நன்றி.”

புதைபட்டதற்கு நன்றி சொல்லும் ஆளை ஸ்டாண்டு அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது. ‘சரியான அசடு’ என்று நினைத்துக்கொண்டது.

பங்குனியில் வாள் மாதிரி இலைகள் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தன. சித்திரையில் அவை இடுப்பளவு நின்றன. மலைக்காற்று சாய்த்துவிடாமலிருக்க தெய்வானை மூங்கில் குச்சி ஊன்றி, பழைய புடவைக் கிழிசலால் தளர்வாகக் கட்டிவிட்டாள். மண் காய்ந்தால் தண்ணீர், கோடைமழை பெய்தால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை. வைகாசியில் தண்டு வளைந்து, நுனியில் மொட்டுகள் வரிசை கட்டின. ஒரு காலையில் அடிமொட்டு அவிழ்ந்தது. நீளக் கழுத்து, வெள்ளை இதழ், நடுவில் கருஞ்சிவப்பில் ஒரு நட்சத்திரம்.

தெய்வானைக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் அதை முகர்ந்து பார்க்கவில்லை. சாமிக்கு வைக்கிற பூவை முகர்ந்து பார்த்தால் அது எச்சில் என்பது அவள் பிறந்த வீட்டுச் சட்டம். மல்லிகை பறித்த காலத்திலும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பறிப்பாள். இதையும் அப்படியே பறித்து, அப்படியே கொண்டுவந்து, முருகன் காலடியில் வைத்தாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடுமத்தியானத்தில் நாச்சிமுத்து பாத்திக்குப் போனான். அவிழ ஆரம்பித்திருந்த இன்னொரு பூவுக்குள் மூக்கை விட்டு இழுத்தான். மறுபடி இழுத்தான். மூக்கில் மகரந்தம் ஒட்டியதுதான் மிச்சம்.

“தெய்வான, உன்ற பூவக் காட்டிலும் என்ற ஜீப்பு மணக்கும்” என்று சொல்லிவிட்டு டீக்கடை பெஞ்சுக்குக் கிளம்பினான்.

முதல் பூதானே, போகப்போக வரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வந்தது. காற்றில் விளக்கு அணையக் கூடாதென்று அவள் எப்போதும்போல ஜன்னலைச் சாத்தினாள். விளக்கை ஏற்றினாள். ஒரு பத்தியை ஸ்டாண்டில் செருகிக் கொளுத்தினாள். மணியை ஆட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாடம் முழுக்க, சமையலறை முழுக்க ஒரு வாசனை. தித்திப்பும் குளிர்ச்சியுமாக, லேசாகக் கிராம்பு கலந்த மாதிரி இருந்தது.

நாச்சிமுத்து வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றான்.

“பத்திய மாத்திட்டயா? ஆளையே தூக்குது.”

“அதே பத்திதானுங்க. எனக்கும் ஒண்ணும் புரியல.”

அவன் மாடத்தைப் பார்த்தான். ஸ்டாண்டைப் பார்த்துச் சிரித்தான். “அப்ப இந்த ஸ்டாண்டோட ராசியாத்தான் இருக்கும். நல்லாப் புளி போட்டுத் தேச்சு வை.”

ஸ்டாண்டுக்குத் தலைகால் புரியவில்லை. அது ஆயுசு முழுக்கக் காத்திருந்த வார்த்தை. அதுவும் முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை.

அவர்கள் சாப்பிடப் போன பிறகு, முருகன் காலடியிலிருந்து பூ மெல்லப் பேசியது. “அண்ணா, வாசனை உங்களுக்குப் பிடித்திருந்ததா?”

“என் வாசனை எனக்கே பிடிக்காமலிருக்குமா?” என்றது ஸ்டாண்டு.

பூ சிரித்தது. “எங்களுக்குப் பகலில் வாசனை கிடையாது. பொழுது சாயும்போதுதான் உள்ளேயிருந்து கிளம்பும். பரவாயில்லை, உங்களுடையது என்றே இருக்கட்டும். எனக்கும் அது வேறொருவர் கொடுத்ததுதானே.”

“யார் கொடுத்தது?”

“கீழே கிழங்கு இருக்கிறது. தன்னிடமிருந்ததையெல்லாம் மேலே ஏற்றி அனுப்பிவிட்டு, அது சுருங்கிக்கொண்டே வருகிறது.”

ஸ்டாண்டு மேற்கொண்டு கேட்கவில்லை. பாராட்டு வந்த இடத்தைத் தோண்டிப் பார்க்க அதற்கு மனமில்லை. மறுநாள் காலையில் அந்தப் பூ வதங்கியிருந்தது. தெய்வானை அதை எடுத்துச் செடியின் காலடியில் போட்டுவிட்டு, அடுத்த பூவைப் பறித்து வந்தாள்.

அதன் பிறகு தினமும் இதே கதை. விடியலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூப்பறிப்பு. சாயங்காலம் ஜன்னலைச் சாத்திப் பத்தி ஏற்றியதும் வாசனை. ஸ்டாண்டுக்குப் புளிக்குளியல் வேறு. அது தங்கம் மாதிரி மினுமினுத்தது. தேய்க்கத் தேய்க்கப் புளிச்சக்கை அதன் ஓட்டைகளுக்குள் போய் ஒட்டியதை யாரும் கவனிக்கவில்லை. பத்தி செருகும்போது ஸ்டாண்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து, எப்படியோ சமாளித்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு மரகதம் ஒரு சாயங்காலம் தயிருக்கு உறைமோர் கேட்டு வந்தவள், வாசலிலேயே மூக்கை விரித்தாள். எந்தப் பத்தி என்று விசாரித்து, அதே பாக்கெட்டை வாங்கிப் போனாள். மறுநாளே திரும்பி வந்தாள்.

“என்னக்கா இது, எங்கூட்டுல வெறும் பொகைதான் வருது. எல்லாரும் இருமறாங்க.”

“எங்க ஸ்டாண்டு அப்படிம்மா” என்றாள் தெய்வானை, பாதி விளையாட்டாக.

மாடத்தில் விளக்கு ஸ்டாண்டைப் பார்த்தது. ஸ்டாண்டு வேறெங்கோ பார்த்தது.

தண்டில் பூக்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக அவிழ்ந்து, நுனியை எட்டிக்கொண்டிருந்தன. நாச்சிமுத்து இன்னொரு மத்தியானம் போய் முகர்ந்து பார்த்துவிட்டு வந்தான். அவன் மோசமானவனில்லை. வாசம் வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். ஆனால் சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. சனிக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னான்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. காலையில தோண்டிருவேன் புள்ள. பீன்ஸ் வெத கைவசம் இருக்குது, மழையும் பெஞ்சிருக்குது. உன்ற மனசு கஷ்டப்படும்னு தெரியும். ஆனா மத்தியானமெல்லாம் நின்னு மோந்து பாத்துட்டேன். ஒண்ணுமில்ல.”

“நாந்தானுங்க செரின்னேன்” என்றாள் அவள். “தோண்டிக்கங்க.”

அவன் வேலைக்குப் போன பிறகு அவள் மாடத்தின் முன்னால் வந்து நின்றாள். அன்றைய பூவை வைத்தாள். அதுதான் முதலில் பூத்த தண்டின் நுனிப்பூ, கடைசிப் பூ.

“முருகா, உனக்கு நல்ல வாசமா ஒண்ணு தரலாம்னுதான் பாத்தேன்” என்றாள். “எனக்குக் குடுத்து வெக்கல. தப்பா எடுத்துக்காத. அந்தப் பத்தியாவது மணக்குதே, அது போதும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். ஸ்டாண்டுக்கு எங்கோ சுருக்கென்றது. பித்தளைக்கு அப்படியெல்லாம் ஆகுமென்று அதற்கே அதுவரை தெரியாது.

“பூவே, உங்கள் கதை முடிந்துவிட்டதா?” என்று கேட்டது.

“என் கதை முடிந்தால் என்ன அண்ணா? நான் நாளைக்கு வதங்குகிறவள்தான்” என்றது கடைசிப் பூ. “கீழே இருப்பதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. எங்களுக்காகக் காலியான பழைய கிழங்கின் தலைமேல் இப்போதுதான் புதுக்கிழங்கு ஒன்று திரள ஆரம்பித்திருக்கிறது. அதைச் சுற்றிக் குஞ்சுக் கிழங்குகளும் இருக்கின்றன. இலைகள் தானாகப் பழுக்கிற வரைக்கும் வெயிலைக் காய்ச்சிக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால்தான் அவற்றுக்கு உடம்பு பிடிக்கும். நாளைக்கே மண்வெட்டி இறங்கினால் எல்லாம் பிஞ்சிலேயே போய்விடும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.”

“நீ கத்திச் சொல்லலாமே, வாசனை என்னுடையது என்று.”

“தினமும் சாயங்காலம் அதைத்தான் அண்ணா சொல்கிறோம். அவர்கள் பத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.”

ஸ்டாண்டு அன்று பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பயமாக இருந்தது. பத்தி நிற்காத ஸ்டாண்டை எந்த வீட்டிலும் வைத்திருக்க மாட்டார்கள். கதவுக்குப் பின்னால் தொங்கும் கோணிப்பையை அது அறியும். நசுங்கிய சொம்பும் பிடியில்லாத கரண்டியும் அந்தப் பைக்குள்தான் பழைய பாத்திரக்காரனுக்காகக் காத்துக் கிடக்கின்றன. மினுமினுப்பும் பாராட்டும் ஒரு பக்கம். அந்தக் கோணிப்பை இன்னொரு பக்கம். எவ்வளவு யோசித்தாலும் கணக்கு ஒரே மாதிரிதான் வந்தது. இத்தனை நாளாகத் தின்றது அடுத்தவர் சோறு.

சனிக்கிழமை என்பதால் நாச்சிமுத்து சீக்கிரம் வந்துவிட்டான். தெய்வானை ஜன்னலைச் சாத்தினாள், விளக்கை ஏற்றினாள். பத்தியைக் கொளுத்தி ஸ்டாண்டில் செருகினாள்.

ஸ்டாண்டு நெகிழவில்லை. ஓட்டைகளுக்குள் காய்ந்து கிடந்த புளிச்சக்கையைப் பல்லைக் கடித்த மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

பத்தி சாய்ந்து விழுந்தது. அவள் எடுத்து இன்னொரு ஓட்டையில் செருகினாள். அதுவும் விழுந்தது. மூன்றாவது ஓட்டையில் அழுத்திச் செருகியபோது பத்தி இரண்டாக ஒடிந்து, நெருப்புப் பட்டு மாடத்தில் விரித்திருந்த துணி கருகியது. அவள் பதறித் தட்டி அணைத்தாள்.

“என்ன ஆச்சு?” என்று நாச்சிமுத்து எட்டிப் பார்த்தான்.

“பத்தி நிக்கவே மாட்டேங்குதுங்க. ஓட்டையெல்லாம் அடைச்சுக் கெடக்குது. வாழப்பழத்துல குத்தலாம்னாப் பழமும் தீந்து போச்சு.”

“தூக்கிப் பையில போடு. வேற வாங்கிக்கலாம். ஒரு நாளைக்குப் பத்தி இல்லீன்னா சாமி கோவிச்சுக்காது.”

தெய்வானை ஸ்டாண்டை எடுத்துப் பார்த்தாள். தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பொருள். அவள் முகம் வாடியது. ஆனாலும் கதவுக்குப் பின்னால் போய் அதைக் கோணிப்பைக்குள் போட்டாள். இருட்டில் நசுங்கிய சொம்பின்மேல் ஸ்டாண்டு ‘டங்’கென்று விழுந்தது.

“புதிதாக வந்திருக்கிறாய், தேய்ந்த மாதிரித் தெரியவில்லையே” என்றது சொம்பு.

“கொஞ்சம் பேசாமலிரு” என்றது ஸ்டாண்டு. அதன் காதெல்லாம் வெளியே இருந்தது.

மாடத்தில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பிறகு, மிதித்துவிடுவோமோ என்று பயந்து நடக்கிற மாதிரி, நாச்சிமுத்துவின் காலடி மாடத்தை நோக்கி வந்தது.

“தெய்வான, பத்தி ஏத்துனயா?”

“இல்லீங்களே. ஒடைஞ்சதக்கூடக் குப்பையில போட்டுட்டேன்.”

“அப்பறம் எங்கிருந்து வருது இந்த வாசம்?”

அவளுக்கும் அது வந்துவிட்டிருந்தது. இருவரும் மூக்கால் தேட ஆரம்பித்தார்கள். அவன் விளக்கிலிருந்த எண்ணெயை முகர்ந்தான், விபூதிக் கிண்ணத்தை முகர்ந்தான், மணியைக்கூட விடவில்லை. கடைசியில் முருகன் காலடிக்குக் குனிந்தான்.

“ஐயோ, சாமி பூவ மோந்து பாக்காதீங்க.”

“காலையிலயே வெச்சாச்சில்ல? இனி அது பிரசாதம். நீயும் வா.”

ஸ்டாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. முதலில் அவன் இழுத்த மூச்சு கேட்டது. அடுத்து அவள் இழுத்த மூச்சு. பிறந்ததிலிருந்து சாமி பூவின் முன்னால் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து அவள் ஒரே தடவையாக இழுத்த மாதிரி இருந்தது.

“இதுதானுங்க” என்றாள். “இத்தன நாளும் இதுதானுங்க.”

“மத்தியானம் நான் பாத்தப்ப ஒண்ணுமேயில்லையே” என்றான் அவன். பிறகு ஏதோ தோன்றினவனாக ஜன்னலைப் பார்த்தான். “அப்படீன்னா வெளிய?”

ஜன்னலைத் திறந்தால் காற்றில் விளக்கு அணைந்துவிடும். தெய்வானையின் கை கொக்கியில் தயங்கி நின்றது.

“திற” என்றது விளக்கு, அவர்களுக்குக் கேட்காத குரலில். “நான் அணைந்தால் இன்னொரு தீக்குச்சி. இதற்கு இன்னொரு நாள் இல்லை.”

அவள் திறந்தாள். பாத்தியில் பின்னால் முளைத்த தண்டுகளில் கொஞ்சம் பூக்கள் மிச்சமிருந்தன. அந்திக் கருக்கலில் அவை ஒவ்வொன்றும் தலையைச் சாய்த்துக்கொண்டு வெள்ளையாகத் தெரிந்தன. வாசனை ஒரேயடியாக உள்ளே வந்தது. விளக்கு அணைந்தது. அதை இருவருமே கவனிக்கவில்லை.

“இத்தன நாளும் ஜன்னலச் சாத்தி வெச்சுட்டு உள்ள தேடியிருக்கறமுங்க” என்றாள் தெய்வானை. சிரிப்பும் அழுகையுமாக வந்தது அவளுக்கு. முருகனைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, பாத்தியைப் பார்த்தும் அப்படியே கைகூப்பினாள்.

“நாளைக்குப் பீன்ஸ எங்க ஊணறது?” என்றான் நாச்சிமுத்து. அவனே சொல்லிக்கொண்டான்: “கொல்லைப்பக்கம் இன்னொரு துண்டு கொத்திக்கலாம். பாத்தி உன்றது புள்ள. சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

கோணிப்பைக்குள் ஸ்டாண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதன் பேரை யாரும் சொல்லவில்லை. அதற்கு அது ஒரு குறையாகத் தோன்றவும் இல்லை.

நல்லவேளையாக அந்த மழைக்காலத்தில் பழைய பாத்திரக்காரன் மலையேறவில்லை. மரகதம் பத்திப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தனக்கும் ரெண்டு குஞ்சுக் கிழங்கு வேண்டுமென்று சொல்லி வைத்தாள். தெய்வானை பூ முடிந்த தண்டுகளை மட்டும் நறுக்கினாள். இலைகளைத் தொடவில்லை. அவை வெயிலைக் குடித்துக் குடித்து, கடைசியில் தாமாகவே மஞ்சளாகிச் சாய்ந்தன. பாத்தி வெறும் மண்ணாகிவிட்டது. மேடான மண்தானே, தண்ணீர் தேங்காது, கிழங்கு அங்கேயே உறங்கட்டும் என்று மேலே சருகைப் பரப்பினாள்.

“இங்க கெழங்கு இருக்குதுன்னு ஒரு அடையாளம் வேணுமுங்க” என்றாள். “நீங்க பாட்டுக்கு மறந்துபோய்க் கொத்திருவீங்க.”

“குச்சி நட்டு வை.”

“கரையான் தின்னுரும்.” அவள் யோசித்தாள். உள்ளே போய் கோணிப்பையைக் கவிழ்த்து, ஸ்டாண்டை எடுத்து வந்தாள்.

“சாமி மாடத்துல இருந்தத மண்ணுலயா வெக்கற?”

“அது அன்னைக்குப் பத்தியக் கீழ தள்ளுனதாலதானுங்க நமக்கே தெரிஞ்சுது. இல்லீன்னா மறுநாளே எல்லாம் போயிருக்கும்” என்றாள். “இனி இங்கயே காவலுக்கு இருக்கட்டும்.”

அவள் சருகை விலக்கி, ஸ்டாண்டை மண்ணில் அழுத்தி உட்கார வைத்தாள். எழுந்திருக்கும் முன் அதன் முதுகை விரலால் ஒருமுறை தடவினாள். புளியும் இல்லை, பாராட்டும் இல்லை, வெறும் விரல்தான். ஸ்டாண்டுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஐப்பசி மழை அதன்மேல் ஓயாமல் பெய்தது. ஓட்டைகளை அடைத்திருந்த புளிச்சக்கை ஊறிக் கரைந்து போனது. பளபளப்பும் போனது. மார்கழிக் குளிரில் ஸ்டாண்டு பச்சையும் கருப்புமாக நிறம் மாறி, மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருந்தது. ஜன்னலிலிருந்து மணி அவ்வப்போது நலம் விசாரிக்கும்.

“அங்கே எப்படி இருக்கிறது?”

“கதகதப்பாக இருக்கிறது” என்றது ஸ்டாண்டு. சொன்ன பிறகுதான் இதை முன்னே யார் சொல்லிக் கேட்டோம் என்பது அதற்கு நினைவு வந்தது.

மாசி பிறந்ததும், ஒருநாள் அதன் வெற்றுக்கூட்டுக்குள் ஏதோ குறுகுறுத்தது. கீழேயிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. போன கோடையில் பெரிய கிழங்கின் அருகில் திரண்ட குஞ்சுக் கிழங்குகளில் ஒன்று அது.

“மேலே யார்? ஒரே இருட்டாக இருக்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கம்?”

“என் முதுகில் ஓட்டை இருக்கிறது” என்றது ஸ்டாண்டு. “பயப்படாமல் நேராக வா.”

புல் மாதிரி ஒற்றைப் பச்சை இலை, ஓட்டை வழியாகத் தலையை நீட்டியது. வெயிலைப் பார்த்ததும் சற்றுத் தடுமாறியது. ஸ்டாண்டு அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டது. அந்த ஒரு வேலை மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும்.

“நன்றி மாமா” என்றது இலை.

“நான்தான் சொல்ல வேண்டும்” என்றது ஸ்டாண்டு.

காலையில் தண்ணீர் ஊற்ற வந்த தெய்வானை குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஏனுங்க, இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டாள்.

அதுவரை ஸ்டாண்டின் முதுகில் நின்றவையெல்லாம் நிற்க நிற்கக் குட்டையாகிக்கொண்டே போனவை. இது மட்டும் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டிருந்தது.